பொய்க்குக் கசப்பு சேர்ப்பவள்

லாஞ்சோவில், மருத்துவமனையின் பின்கட்டில்,
மூன்றாம் தளத்தில் என் வேலை
ஒன்றுமில்லாததைக் காய்ச்சுவது.

சிரிக்காதீர்கள்.
ஒன்றுமில்லாததைக் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா?
லேசாக இனிக்கும்.
பொய் மாட்டிக்கொள்வது அங்கேதான்.
ஒன்பது வேர்கள் கொதித்த அசல் கஷாயம்
தொண்டையில் அரை நாள் நிற்கும்.
என்னுடையதும் நிற்க வேண்டும்.

மாவு. கருக்கிய சர்க்கரை.
கசப்புக்கு ஒரு துளி (எதன் துளி என்று சொல்ல
ஒப்பந்தம் விடாது).
மணத்துக்கு, அசலிலிருந்தே நூற்றுக்கு ஐந்து பங்கு.
அந்த ஐந்துக்காக
நெறிமுறைக் குழுவில் இரண்டு மாதம் சண்டை.
ஐந்து பங்கு உண்மை கலந்தால்
அது இன்னும் பொய்தானா என்றார் ஒருவர்.
உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா
என்று கேட்டாள் சா யூமெய், எங்கள் புள்ளியியலாள்.
குறிப்பேட்டில் அது ஏறவில்லை.

பதினேழு முறை நானே சுவைத்தேன்.
பதினெட்டாம் முறை எது எதுவென்று
எனக்கே தெரியவில்லை.
அன்று மதியம் மாட்டிறைச்சி நூடுல்ஸில்
மிளகாய் எண்ணெயைக் கவிழ்த்தேன்;
நாக்கு கண்டுகொள்ளவில்லை.

இருநூற்று நாற்பது பேர், வலிக்கும் முழங்கால்களோடு.
கணினி காசு சுண்டியது.
பாதிப் பேருக்கு வேர். பாதிப் பேருக்கு நான்.
கொடுப்பவருக்குத் தெரியாது, குடிப்பவருக்குத் தெரியாது,
எனக்கும் தெரியாது:
பொட்டலத்தின் மேல் எண் மட்டும்.

நூற்றுப் பதினொன்று, நியு தெஷெங்.
முப்பத்தோராண்டு பேருந்து ஓட்டியவர்,
கிளட்ச் தின்ற இடது கால்.
புதன்தோறும் மஞ்சள் ஆற்றுப் பாலம் வழியே நடந்து வருவார்.
நான்காம் வாரம்: பாலத்தில் இரண்டு இடத்தில் நின்றேன்.
எட்டாம் வாரம்: ஒரே இடத்தில்,
அதுவும் ஒருவன் தூண்டிலோடு திண்டாடியதை வேடிக்கை பார்க்க.
பன்னிரண்டாம் வாரம் படியேறி வந்தார்.
லிஃப்ட் அன்று நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச்சில், கோபியின் தூசி
ஜன்னலில் மஞ்சளாய் அப்பிய நாளில்
உறையைப் பிரித்தார்கள்.
வேர் குடித்தவர்களுக்கு வலி
இருபத்திரண்டு புள்ளி இறங்கியிருந்தது.
என்னைக் குடித்தவர்களுக்கு இருபது.
நடுவிலிருந்த இரண்டைப் பென்சிலால் தட்டினாள் யூமெய்.
தற்செயல் ஒரு தும்மல் போட்டாலே
இவ்வளவு வரும் என்றாள்.

ஒன்பது வேர்களின் பேராசிரியர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மாட்டினார். மறுபடி கழற்றினார்.
யாரும் என் பக்கம் திரும்பவில்லை.
மாவும் கருக்கிய சர்க்கரையும், இருபது புள்ளி.
வெட்கப்படுவதா, நெஞ்சை நிமிர்த்துவதா தெரியாமல்
தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கினேன்.

கழுவும் இடத்துக்கு யூமெய் வந்தாள்.
'எல்லாம் உன் கைவண்ணம் என்று நினைக்காதே.
வலி உச்சத்தில் இருக்கிற நாளில்தான்
ஆட்கள் வந்து சேர்கிறார்கள்.
உச்சம் தானாகவும் இறங்கும்.
கொஞ்சம் அது. கொஞ்சம், யாரோ புதன்தோறும்
எப்படி இருக்கிறது கால் என்று கேட்டது.
கொஞ்சம் வசந்தம்.'
'நான் எவ்வளவு?'
'அதை அளக்க மூன்றாவதாக ஒரு கூட்டம் வேண்டும்.
ஒன்றுமே கொடுக்காத கூட்டம்.
அதற்குக் காசு தரவில்லை.'

மெய்யை ஏமாற்ற முடியாது என்பார்கள்.
ஐந்து பங்கு கொடுத்தேன்,
மீதியை மெய்யே இட்டு நிரப்பிக்கொண்டதோ,
இல்லை, நிரம்பவே இல்லையோ.

நூற்றுப் பதினொன்று என்னுடையவர்.
கடிதம் கையில், நேரில் வந்தார்.
கோபப்படுவார் என்று நாற்காலியை
இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டேன்.
'கையெழுத்துப் போட்டபோதே சொன்னீர்கள், நினைவிருக்கிறது.
பரவாயில்லை. மிச்சம் ஏதாவது இருக்கிறதா?'

மிச்சத்தை எரித்துவிட்டோம், ஐயா.
விதி அப்படி. எடை குறித்து, இரண்டு பேர் முன்னிலையில்,
அசலும் பொய்யும் ஒரே தொட்டியில்.
கருகிய சர்க்கரை வாசனைதான் தூக்கலாக இருந்தது
என்பதை அவரிடம் சொல்லவில்லை.

போகும்போது லிஃப்டுக்கு எதிரில் நின்றார்.
பொத்தானை அழுத்தினார்.
பிறகு என்ன நினைத்தாரோ, படிப்பக்கம் திரும்பினார்.
இரண்டாம் தளம்வரை காலடி கேட்டது.
இடது, வலது, ஒரு சின்னத் தயக்கம், இடது.
அதற்குக் கீழே நான் எண்ணவில்லை.
ஆய்வு முடிந்துவிட்டது.