அன்பார்ந்த வாடிக்கையாளரே

புளியரையில் மழை சாய்வாய் அடிக்கிறது.
ஆரியங்காவுப் பக்கத்து மழை,
பர்மிட் இல்லாமல் மலை தாண்டி வந்தது.
செக்போஸ்ட்டுக்கு முன்னால் பதினோரு லாரி.
புக்கிங் ஆபீசில் நானும் ஒரு டியூப்லைட்டும்.

ஒன்பது நாற்பதுக்கு மெயில்:
அன்பார்ந்த வாடிக்கையாளரே,
தங்கள் கணக்கு இன்று நள்ளிரவோடு முடக்கப்படும்.
கீழே உள்ள நீல எழுத்தை அழுத்தவும்.

அடிவயிற்றில் கல் விழுந்தது, மறைக்க மாட்டேன்.
டீசல் காசு, நாலு டிரைவர் படி,
ரெண்டு மாசமாய்த் தள்ளிப்போகும் தவணை,
எல்லாம் அந்த ஒரு கணக்கில்தான்.
விரல் நீலத்துக்கு மேலேயே போய்விட்டது.

அன்பார்ந்த.
அங்கேதான் நின்றது விரல்.
செங்கோட்டைக் கிளையில் பத்து வருஷம்
வரிசையில் நின்றவள் நான்.
பேனாவை நூலால் கட்டிவைத்திருக்கும் வங்கி அது.
"சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்கம்மா"
என்றதுதான்
இதுவரை அது என்னிடம் காட்டிய அன்பு.

அனுப்பியவர் முகவரியைப் பெரிதாக்கினேன்,
டார்ச் வெளிச்சத்தில் பர்மிட்டைப் பிடிக்கும்
ஏட்டையா மாதிரி.
எம் என்று வாசித்த ஆங்கில எழுத்து
எம் இல்லை.
ஆர் ஒன்றும் என் ஒன்றும்
இடைவெளி விடாமல் ஒட்டி நிற்கின்றன,
ஒரே போர்வைக்குள் ரெண்டு பேர்.

போன மாசம் ஒரு நம்பர் பிளேட்டில்
மூன்றை எட்டாக்கியிருந்தார்கள்.
அன்றைக்கும் மழைதான்.
மற்ற எண்களில் சேறு அப்பியிருக்க
அந்த எட்டில் பாதி மட்டும்
புதுசாய்ப் பளபளத்தது.

வெளியே ஷாஜி ஹாரன் அடிக்கிறான்.
"சேச்சி, பில்லு!"
"இருடே, இங்கேயும் ஒரு வண்டியை
மறிச்சுப் போட்டிருக்கேன்."

அழித்தேன்.
அழித்த பிறகும்
பன்னிரண்டு மணிக்கு ஒருதரம்,
பன்னிரண்டு ஐந்துக்கு ஒருதரம்
பாக்கி எவ்வளவென்று பார்த்துக்கொண்டேன்.
இருந்தது. இருந்த கொஞ்சமும் இருந்தது.

வியாழக்கிழமை இன்னொரு மெயில்.
அன்பு இல்லை. நீல எழுத்து இல்லை. நள்ளிரவும் இல்லை.
உலகம்மையை உலகாமை ஆக்கி
ரெண்டே வரி:
தவணை பாக்கி. கிளைக்கு நேரில் வரவும்.

நம்பவில்லை நான்.
பாஸ்புக் பின்னட்டையில் இருந்த
நம்பருக்கு அடித்தேன்.
பதினேழு மணியோசைக்குப் பிறகு
ஒரு தூக்கக் குரல்:
"ஆமா, நாங்கதான் அனுப்புனோம்.
சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க."