தரைதட்டல்

பங்குனியில் ஒரு புதன்கிழமை
ரேஷன் கடை வரிசையில் நின்றபோது
பூமி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.
எனக்கு மட்டும்.

காதுக்குள் இருக்கிற பொடிக் கற்கள்
இடம் பெயர்ந்துவிட்டன என்றார்
ராமநாதபுரத்து டாக்டர்.
மாத்திரை எழுதினார்.
தலையை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவேண்டும் என
படம் போட்ட தாள் ஒன்றும் தந்தார்.
கல் எங்கே போனதென்று
நான் கேட்கவில்லை.

அதன்பின் சுவரைத் தொடாமல் நடந்ததில்லை.
பாம்பன் பாலத்தில் பஸ் ஏறினால்
கண்ணை மூடிக்கொண்டு
மண்டபம் வரும்வரை எண்ணுவேன்.
தபால் ஆபீசில் ஒரு கை முத்திரை குத்தும்,
மறு கை மேஜையைப் பிடித்திருக்கும்.

செங்கோல்மேரிதான் கூப்பிட்டாள்.
பாசி எடுக்கிறவள், என் வயசுதான்.
வேலைக்குக் கடலில் இறங்காத நாளிலும்
சும்மா இறங்குகிறவள்.
"தரைதான ஆடுது உனக்கு?
ஆடுற எடத்துலயே வந்து இரேன்" என்றாள்.

தங்கச்சிமடத்து வடகடல்.
பெண்கடல் என்பார்கள்.
தடைக்காலம்.
விசைப்படகுகள் வேலையற்று
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

முதல்நாள் முழங்கால்.
மறுநாளும் முழங்கால்தான்.
ஒன்பதாம் நாள்
சுடிதாருக்குமேல் மகனின் பழைய சட்டையோடு
கழுத்துவரை.
எட்டு வயதில் பழகிய நீச்சல்
கைக்கு ஞாபகமிருந்தது.
எனக்குத்தான் மறந்திருந்தது.

படகு ஆடியது, கயிறு ஆடியது,
அடியில் கடற்புல் ஆடியது,
புல்மேல் விழுந்த வெளிச்சம் ஆடியது,
சிரிக்கிற செங்கோல்மேரி ஆடினாள்.
எல்லாம் ஆடுகிற இடத்தில்
நான் ஆடுவது
கணக்கிலேயே வரவில்லை.

மல்லாந்து கிடந்தேன்.
காது தண்ணீருக்குள் போனது.
அங்கே யாரோ
ஓயாமல் பொரி பொரித்துக்கொண்டிருந்தார்கள்.
"இறால் சத்தம்" என்றாள் அவள்.
என் கற்களும்
அந்தப் பக்கம்தான் எங்கோ
உருண்டு கிடக்கின்றன போல.

வள்ளம் தரைதட்டினால்
நாலு பேர் தோள்கொடுத்துத் தள்ளுவார்கள்,
ஓட்டியவனைத் திட்டுவார்கள்.
கரைக்குத் திரும்புகையில்
என் கால் கீழே இறங்கி
கட்டைவிரல் மணலைத் தட்டியது.
குளிர்ந்த மணல், ஒரு சிப்பித் துண்டு,
எதுவோ ஓடி ஒளிந்தது.
என்னை யாரும் தள்ளவில்லை.
நின்றேன்.
மூன்று மாதத்தில் முதல்முறையாக
எதையும் பிடிக்காமல்.

குணமாயிற்று என்று சொல்ல மாட்டேன்.
சொறி பட்ட தழும்பு முழங்கையில் இன்னும் சிவப்பு.
போன திங்கள்கிழமை
மணியார்டர் எழுதும்போது அது மறுபடி வந்தது.
செருப்பைக் கழற்றி
மேஜைக்கடியில் கால் வைத்தேன்.
சிமெண்டுதான்.
விரல்கள் கொஞ்சநேரம்
மணலைத் தேடின.
பிறகு சீட்டில் மீதி முகவரியை எழுதினேன்.

ஐப்பசி பிறந்தால் வாடை வரும்,
வடகடல் குணம் மாறும்.
அப்போது தென்கடலுக்குப் போகலாம் என்கிறாள்.
அதை ஆண்கடல் என்பார்கள்.

பார்க்கலாம்.