கடக்கும் ஒவ்வொரு முறையும்

வுப்பர்டாலில் ரயில் ஓடாத ஒரு ரயில்பாதை இருக்கிறது.
தண்டவாளத்தைக் கழற்றித் தார் ஊற்றி
இந்தப் பக்கம் காலுக்கு, அந்தப் பக்கம் சக்கரத்துக்கு என்று
வெள்ளைக்கோடு போட்டிருக்கிறார்கள்.
சுரங்கத்தின் வாயில், மடக்குக் கதிரையில்,
மணிக்கணக்குச் சம்பளத்துக்கு
மூன்று நாளாக நான் ஆட்களை எண்ணுகிறேன்.

எவரெவர் வெளியே வந்து உடம்பைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று
மாநகரசபைக்குத் தெரிய வேண்டுமாம்.
படிவத்தில் நாலு கட்டம்: நடை, ஓட்டம், சைக்கிள், பிற.
பக்கத்தில் நோக்கம்: உடல்நலம், பொழுதுபோக்கு, வேலை.
வயதை நானே ஊகிக்கலாம்.
கேள்வி கேட்கக் கூடாது.
கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு.

ஆறு மணிக்கு முன்பே இரண்டு பெண்கள்,
துப்புரவு நிறுவனத்தின் நீலச் சட்டைக்கு மேலே குளிர்ச்சட்டை.
பஸ் தொடங்காத நேரம். கை வீசி, மூச்சு வாங்க,
எந்த வைத்தியரும் கைதட்டும் வேகம்.
நடை. நோக்கம்: வேலை.
அழுத்தி இழுத்தேன் அந்த இரண்டு கோட்டையும்.
பேனை தாளைக் கிழித்தது.

பிறகு நெற்றியில் விளக்குக் கட்டியவர்கள்.
சுரங்கத்துக்குள்ளிருந்து முதலில் வெளிச்சம், பிறகு மூச்சு,
கடைசியில்தான் ஆள்.

ஒன்பதரைக்கு இதயக்காரர்.
மாரடைப்பிலிருந்து மீண்ட எட்டுப் பேர்,
முதுகில் மின்னதிர்ச்சிப் பெட்டியோடு ஒரு தாதி.
என் முன்னால்தான் நிற்பார்கள்.
கழுத்தில் இரண்டு விரல். கண் கைக்கடிகாரத்தில்.
பதினைந்து விநாடி, எட்டுப் பேரும்
அடுத்த அறையில் யாரோ தங்களைப் பற்றிக் கதைப்பதை
ஒட்டுக்கேட்பதுபோல.
லோதர் என்பவருக்கு மட்டும் கணக்குத் தவறிவிடும்.
"இன்னொருமுறை" என்பார்.
மற்ற ஏழு பேரும் குளிரில் காத்து நிற்பார்கள்.

சிரியாக்காரப் பெண்கள் ஐவர், நூறு மீற்றர் நடந்து
ஒரு மணிநேரம் இருந்தார்கள்.
சூரியகாந்தி விதை, பிளாஸ்கில் தேநீர்.
ஒருத்தி சொன்ன எதற்கோ
இன்னொருத்தி விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்து
மலையேறி இறங்கியவள்போல் மூச்சு விட்டாள்.
இருப்பதற்குக் கட்டம் இல்லை.

கையால் சுழற்றும் மூன்றுசக்கரத்தில் வந்தவர்
தானாகவே நிறுத்திக் கேட்டார்: "நான் எதில்?"
சைக்கிளா, பிறவா. பேனை நடுவில் நின்றது.
"இரண்டிலும் போடுங்கள்" என்றார்,
"இந்தத் தோளுக்கு அது தகும்."

புவனேந்திரனை எனக்குத் தெரியும். அவருக்கு என்னையும்.
சீனி வருத்தம்; நாளுக்கு ஆறாயிரம் அடி என்று டொக்டர் கட்டளை.
காதுக்குள் டொரொன்டோவோடு கதைத்தபடி
பாலத்துக்கும் சுரங்கத்துக்கும் இடையில் போய்ப்போய் வந்தார்.
முதல்முறை தலையாட்டினார். அடுத்தமுறை சிரித்தார்.
அதற்குப் பிறகு
வேலியோரச் செடிகளில் திடீர் அக்கறை.
விதிப்படி ஆறு கோடு.
அறிக்கையில் அவர் இனி
ஆரோக்கியமான ஆறு ஆண்கள்.

ஒரு மணிக்கு என் முழங்கால் விறைத்திருந்தது.
ஊராரின் உடல்நலத்துக்கு ஏழு மணிநேரம் காவல் இருந்த முழங்கால்.
கதிரையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கினேன்.
பஸ்ஸுக்கு நாலு நிமிடம்.
தரிப்பிடம் சுரங்கத்தின் மறுவாயிலில்.
ஓடினேன்,
நாற்பத்தாறு வயதில், கதிரையோடு.
ஈரச் சுவரில் பட்ட என் சப்பாத்துச் சத்தம்
என்னைவிட இளைய ஒருத்தியாய்
எனக்கு முன்னே ஓடியது.

அந்தப் பக்கம் எண்ணும் மாணவன் மால்ட்டே
போனிலிருந்து நிமிராமலே ஒரு கோடு இழுத்தான்.
எட்டிப் பார்த்தேன்.
ஓட்டம். நோக்கம்: உடல்நலம்.
வயது: முப்பதுக்குள்.

திருத்தியிருக்கலாம்.

பஸ் போய்விட்டிருந்தது.
தரிப்பிடத்தில் கதிரையை விரித்து இருந்து
கழுத்தில் இரண்டு விரல் வைத்தேன்.
முப்பத்தொன்றா இரண்டா என்ற இடத்தில்
கணக்குத் தவறிவிட்டது.
இன்னொருமுறை.