ஊரின் பெயர் தீ

ஊரின் பெயர் தீ.
பிரெஞ்சுக்காரர்களுக்கு அதில் சுடுவது எதுவும் இல்லை.
ரயில் அறிவிப்பில் அந்தப் பெயர் வரும்போதெல்லாம்
எனக்கு மட்டும் ஒரு கணம்
பெட்டியை விட்டுக் குதிக்கத் தோன்றும்.

மலையடியில் பன்னிரண்டு தொட்டிகள்,
தொட்டிக்கு நாற்பது டிரவுட்.
பாதிக்குத் தைம் எண்ணெய் பூசிய தீவனம்,
பாதிக்கு வெறும் தீவனம்.
எது எதில் என்று எனக்குத் தெரியக்கூடாது,
ஆய்வின் விதி அது.
சிவப்பு நாடா, நீல நாடா கட்டி
மோன்பெலியேவிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

சிவப்பைப் பிரித்தேன்.
ஓமம்.
காரைக்கால் மருந்துக்கடையில்
கைக்குழந்தைக்காரிகள் கேட்டு வாங்கும்
ஓமவாட்டரின் அதே காரமான மூச்சு.
தைமுக்குள்ளும் ஓமத்துக்குள்ளும் ஒரே சரக்கு, தைமால்.
இதைப் படித்துத்தான் பட்டம் வாங்கினேன்.
மூக்குக்குப் பட்டம் தேவைப்படவில்லை.
அறிக்கையில் இதை எழுதியிருக்கிறேன்,
கடைசிப் பக்கத்தில்,
சிறிய எழுத்தில்.

எண்ணெய் என்கிறோம். எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை.
ஒரு கொப்பரை நிறையச் செடியை ஆவியில் வேகவைத்தால்
ஒரு கரண்டி தேறும்.
கிலோ தீவனத்துக்கு அதில் அரை மில்லி.

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டாம், சரி.
தின்னத்தான் வைக்க வேண்டியிருந்தது.
மூன்று நாள் கவ்வின, துப்பின.
ஏழாம் தொட்டியில் செவுள்மூடி மடிந்த ஒன்று
துப்பியதைச் சுற்றி வந்து பார்த்து
மறுபடி கவ்வி
மறுபடி துப்பியது.
கயல்விழி என்று மகளுக்குப் பெயர் வைப்பவர்கள்
இமையில்லாத ஒரு கண்
நாள் முழுக்கத் தங்களையே பார்க்க
நின்றுபார்த்ததில்லை.

ஆகஸ்டில் நீர் பதினெட்டு டிகிரி.
வாயோரம் சிவந்து மீன்கள் ஓரம் ஒதுங்கின.
பண்ணைக்காரி ஒதீல்
போன வருட ஆன்டிபயாடிக் ரசீதை
இன்னும் அடைத்து முடிக்கவில்லை.
விடியலில் வலையும் வாளியுமாய் எண்ணினோம்,
அவள் பிரெஞ்சில், நான் உதட்டுக்குள் தமிழில்.
வெறும் தீவனத்தில் அறுபத்தொன்று.
தைமில் நாற்பத்து நான்கு.

பதினேழு உயிர் வித்தியாசம்.
கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஆறு சந்தேகம்,
ஐந்து வரைதான் அனுமதி.

"வேலை செய்கிறதா, இல்லையா?"
"இருக்கலாம்" என்றேன்.
"இருக்கலாம், கிலோ என்ன விலை?" என்றாள்,
ரப்பர் பூட்ஸில் இருந்த நீரைக் கவிழ்த்தபடி.

சந்தைக்கு எதிர் உணவகத்தில்
அவளிடம் வாங்கிய டிரவுட்டின் வயிற்றைக் கீறி
ஒரு தைம் கிளையைச் செருகி வாட்டுகிறார்கள்.
அந்த வழி சுலபம். யாரும் துப்புவதில்லை.

செப்டம்பரில் மழை.
நீர் குளிர்ந்தது, சாவு நின்றது,
எல்லாத் தொட்டியிலும், நாடா பார்க்காமல்.
சிவப்புப் பை தீர்ந்த மாலை
ஏழாம் தொட்டியில் வெறுங்கையை நனைத்தேன்.
மடிந்த செவுளோடு அது மேலே வந்தது.
விரலிடுக்கில் ஓமவாசனை இன்னும் இருந்தது.
ஒன்றும் இல்லாத கையைக்
கவ்வியது.
துப்பவில்லை.