முழங்கால் அளவு

வைத்தியர் சொன்னது ஒரு சொல்: நீந்துங்கோ.
படத்தில் என் முழங்கால்
ரோட்டு வேலை பாதியில் நின்றது போலக் கிடந்தது.

வெள்ளவத்தைப் பக்கம் நீச்சல் தடாகம்
மாதம் பதினெண்ணாயிரம்.
குளோரின் மணம். குதிக்கும் பிள்ளைகள். நடுவே
கம்பியைப் பிடித்தபடி ஒரு வங்கிக் கடன் அதிகாரி.
அதே கிழமை சுற்றறிக்கை வந்தது,
திருகோணமலைக் கிளையில் ஓரிடம் காலி.
வெள்ளிக்கிழமை இரவு ரயிலில்
நானும் முழங்காலும் ஏறினோம்,
பார்த்துவிட்டு வர மட்டும்.

பதினெட்டு வருடமாக
மற்றவர்களின் ஆசைகளுக்கு முத்திரை குத்துகிறவள்.
நடுவில் கோடு கிழிக்காமல் எனக்கு யோசிக்கத் தெரியாது.
மாஹோ தாண்டுமுன் கிழித்தேன்.

இடப்பக்கம்:
உப்புவெளி, காலை ஆறு மணி.
இடுப்பளவு தண்ணீரில் நின்றால்
கால்விரல் நகப்பூச்சு உரிந்திருப்பது தெரிகிறது.
புறாமலைக்கு நஸ்மீரின் படகு.
"முகத்த உள்ள விடுங்க மிஸ்,
மூச்ச அந்தக் குழாய் பாத்துக்கொள்ளும்."
விட்டேன்.
நாற்பத்தாறு வயதில் முதல் தடவை
என் எடையை யாரோ வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
கீழே ஓர் ஆமை
மதியச் சாப்பாடு முடித்த எழுதுநர் மாதிரி
ஒருமுறை பார்த்தது,
தன்பாட்டுக்குப் போனது.

வலப்பக்கம்:
எலும்பு வைத்தியர் எந்தக் கிழமை வருவார் என்று
மருந்துக்கடையில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள்.
சம்பளத்தில் கொழும்புப் படி போய்விடும்.
வைகாசியில் கச்சான் காற்று தொடங்கினால்
கதவெல்லாம் அறையுமாம்;
சொன்னவர் எனக்குச் சுருளில் கச்சான் சுற்றித் தந்துகொண்டிருந்தார்.
ஐப்பசி போனால் கடல் யாரையும் சேர்க்காது,
தை முடியும்வரை.
மிக அழகான கடற்கரைக்கு
விமானப்படையிடம் டிக்கெட் வாங்கவேண்டும்.

பேருந்து நிலையத்தில் ஒரு புள்ளிமான்
லஞ்ச் ஷீற் மென்றுகொண்டிருந்தது.
சுற்றுலாப் பிரசுரத்தில் அது புல் தின்னும்.
இதை எந்தப் பக்கம் போடுவது என்று
பேனாவைத் திறந்துகொண்டே நின்றேன்.
மான் என் பையை முகர்ந்தது.
கச்சான் இருந்தது. கொடுத்தேன்.
கொடுத்திருக்கக் கூடாது என்று ஒரு சாரதி கத்தினார்.

மனையாவெளியில் வீடு.
உரிமையாளர் மிஸ்டர் பெனடிக்ற், துறைமுகத்தில் இருந்தவர்.
"எத்தினை பேர்?"
"ஒராள்."
எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்,
மிச்சப் பேர் செருப்புக் கழற்றுகிறார்களோ என்று.
"ஒராளெண்டா?"
"ஒராளெண்டா ஒராள்தான்."
இரண்டு அறை. சமையலறையில் நல்ல வெளிச்சம்.
மொட்டைமாடியில் எக்கி நின்றால்
(எக்கக் கூடாது)
இரண்டு தண்ணீர்த் தாங்கிகளுக்கு நடுவே
ஒரு விரல் அகலம் கடல்.

"மார்கழியில வெள்ளம் ஏறுமோ?"
"சீச்சீ. ஒரு கொஞ்சம்."
"கொஞ்சமெண்டா எவ்வளவு?"
குனிந்து, தன் சாரத்துக்கு மேல் கையை வைத்துக் காட்டினார்:
"இவ்வளவுதான் பிள்ளை."
சரியாக அந்த இடம்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
காரணம் தெரியாமலே அவரும் சிரித்தார்,
அப்புறம் வாடகையில் இரண்டாயிரம் குறைத்தார்,
அது எதற்கென்று எனக்கும் தெரியாது.

ஞாயிறு இரவு. கந்தளாய் தாண்டுகிறது ரயில்.
தாளை விரிக்கிறேன்.
இந்த விண்ணப்பம் என் மேசைக்கு வந்திருந்தால்
இப்படி எழுதியிருப்பேன்:
வருமானம் குறையும். பிணை இல்லை.
விண்ணப்பதாரி, வருடத்தில் நான்கு மாதம்
கடல் மூடிக்கிடக்கும் ஊருக்கு
நீந்தப் போவதாகச் சொல்கிறார்.
நிராகரிக்கவும்.

முற்பணம் இருபதாயிரம்,
திருப்பித் தரப்படமாட்டாது என்று
பெனடிக்ற் கைப்பட எழுதிய பற்றுச்சீட்டு
கைப்பையில் இருக்கிறது.
அதை எந்தப் பக்கத்திலும் நான் எழுதவில்லை.

காதுக்குள் இன்னும் கொஞ்சம் கடல் நிற்கிறது.
தலையைச் சரித்துத் தட்டினால் வந்துவிடும்.
கொழும்பு வரை
நேராக உட்கார்ந்திருக்கப் பார்க்கிறேன்.