தொழுவம், மனை எண் மூன்று

ஐந்து வீடுகள். ஐந்துக்கும் பெயர் வைத்தது
பர்மிங்ஹாமில் இருக்கும் அலுவலகம்:
களஞ்சியம், குதிர், தொழுவம், பரண், வைக்கோற்போர்.
கறுப்புப் பலகை போர்த்திய சுவர்.
வைக்கோல் வண்டி நுழைகிற உயரத்துக்கு முகப்பில் கண்ணாடி.
அது திறக்காது என்பதை
இரண்டாம் முறை வருகிறவர்களிடம்தான் சொல்வேன்.

நான் விற்பவள். சனி ஞாயிறுகளில்
ஷ்ராப்ஷர் சேற்றோடு வருகிற காலணிகளுக்கு
நீல உறை மாட்டிவிட்டு
இது அடுக்களை என்பேன்,
இந்தத் தரைக்கு அடியில் வெந்நீர் ஓடுகிறது என்பேன்.
மேசைக் கிண்ணத்தில் எலுமிச்சை ஏழு.
ஆறு பிளாஸ்டிக். ஒன்று என் காசு,
வாசனைக்கு.

மார்ச்சில் பிளெவின் குடும்பம் வந்தது.
ஹியூ அளவு நாடாவைச் சுவருக்குச் சுவர் இழுத்தான்.
கெரிஸ் ஜன்னலோரம் நின்று
செல்போனில் மாதத் தவணையைப் போட்டுப் போட்டு அழித்தாள்.
ஆறு வயது நெஸ்ட்டா என்னிடம் வந்தாள்.
'தொழுவம்னா மாடு எங்க தூங்கும்?'
மாடு இல்லை, தொழுவத்தின் சாயல் மட்டும் என்றேன்.
'சாயல்னா?'
உனக்கு அப்பாவின் மூக்கு இருக்கிறதே, அது.
'அப்ப இந்த வீட்டோட அப்பா எங்க?'

இங்கே நின்றது கல்நார்க் கூரை போட்ட பன்றிக் கொட்டகை.
முகமூடி அணிந்த நான்கு பேர் வந்து
பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப் போனார்கள்.
அதன் மூக்கு
எந்த வீட்டுக்கும் வரவில்லை.
இதைச் சொல்லவில்லை. எலுமிச்சையைக் கொடுத்தேன்,
உண்மையானதை.

அன்று இருட்டும் நேரம்.
மின்பணிக்கு வந்த விட்டோல்ட்
பெயிண்ட் டப்பாவை முட்டுக்கொடுத்து வைத்திருந்த பின்கதவு வழியே
வேலி தாண்டிய செம்மறி ஒன்று
மூன்றாம் எண்ணுக்குள் போய்விட்டது.
துவைக்கும் அறையின் வெதுவெதுப்பான கல்லில்
வயிறு பதித்துக் கிடந்தது.
வால் பக்கம் இரண்டு குளம்புகள்
வெளியே தெரிந்தன.

'எனக்குத் தெரியாது,' என்றான் விட்டோல்ட்,
'நான் வார்சாவில் ஆறாம் மாடியில் பிறந்தவன்.'
நான் மட்டும் என்ன,
ஏட்டுச் சுரைக்காயைக் கிலோ கணக்கில் விற்பவள்.

பக்கத்துப் பண்ணை மிஸஸ் ப்ரோப்பர்ட்
போனில் கத்தினாள்: வந்துகொண்டே இருக்கிறேன்,
அது முக்கும்போது இழு, நிறுத்தினால் நிறுத்து,
வெளியே வந்ததும் வைக்கோலால் தேய்.
வைக்கோல் இல்லை என்றேன்.
'எந்த வீட்டில் இருக்கிறாய்?'
பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

மாதிரிக் குளியலறையில்
ரிப்பன் கட்டி அடுக்கிய வெள்ளைத் துண்டுகள்,
யாரும் தொடக் கூடாதவை, ஆறு.
எடுத்து வந்தேன்.
முதல் குட்டி வழுக்கிக்கொண்டு விழுந்து தும்மியது.
விட்டோல்ட் தன் மொழியில் என்னவோ சொன்னான்,
வசவு போலவும் இருந்தது, ஜெபம் போலவும்.
இரண்டாவதைத் தேய்த்தோம்.
மூன்று துண்டு நனையும் வரை தேய்த்தோம்.
அது மூச்சு விடவில்லை.

மிஸஸ் ப்ரோப்பர்ட் டிரெய்லரோடு வந்து
முகப்பு விளக்கை அந்த உயரக் கண்ணாடிமேல் அடித்தாள்.
'இதைத் திற, உள்ளே விடுகிறேன்.'
திறக்காது.
'பின்னே எதுக்கு?'
விற்பனைப் பயிற்சி மூன்று நாள். இந்தக் கேள்வி
அதில் வரவில்லை.

பிளெவின்கள் மூன்றாம் எண்ணையே வாங்கினார்கள்.
குடியேறிய வாரம் குறைப்பட்டியல் அனுப்பினார்கள்:
மாடிக் கதவு உரசுகிறது.
அடுக்களைக் குழாய் சொட்டுகிறது.
துவைக்கும் அறைக் கல்லில் கறை, பழுப்பு,
ஒரு சாண் நீளம், தேய்த்தும் போகவில்லை.
நேரில் போய்ப் பார்த்தேன்.
கறையின் மேல் சலவைக்கூடை.
நெஸ்ட்டா அதற்குள் உட்கார்ந்திருந்தாள்.
'காரணம்' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

அலுவலகத்துக்கு இன்னொரு படிவமும் பாக்கி:
துண்டு, வெள்ளை, ஆறு.