எண்பத்தைந்தாவது ஆள்

மார்ச் மாதம், இரண்டாம் செவ்வாய், இரவு ஏழு மணி.
உப்பும் மணலும் குவித்துவைக்கும் கொட்டகையில்
ஒரு தடுப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர் மன்றம்:
உறுப்பினர் மூவர், ஹீட்டர் ஒன்று,
குறிப்பெழுத நான்.

ஓஸ்ட்பி சாலை. வரம்பு ஐம்பத்தைந்து மைல்.
முப்பத்தைந்தாக்கக் கோரி மனு.

அந்தச் சாலைக்கு ஜல்லி கொட்டுவது நாங்கள்.
பனி தள்ளுவது நாங்கள்.
அடிபட்டுச் செத்த மானை இழுத்துப்போடுவதும் நாங்கள்தான்.
சாலையின் பெயரே டெல்மார் ஓஸ்ட்பியின் குடும்பப் பெயர்.
ஆனால் அதில் ஒருவன் எவ்வளவு விரையலாம் என்பதை
மேடிசன் நகரத்தில்
ஜன்னல் திறக்காத கட்டடம் ஒன்று சொல்லும்.

சட்டப் புத்தகத்தை உரக்கப் படித்தேன்.
ஊர் மன்றங்களுக்கென்று தனியாக ஓர் அதிகாரம் இருக்கிறது.
அந்த அதிகாரத்தில் எங்களுக்குள்ள அதிகாரம்
பத்து மைல்.
பதினோராவது மைலைக் குறைக்க
ஆய்வு வேண்டும், முத்திரை வேண்டும்,
பொறுமை எவ்வளவு என்று மட்டும் எழுதியிருக்கவில்லை.

கதவோரம் மென்னோ போர்ன்ட்ரேகர் நின்றிருந்தார்.
தொப்பி கையில்.
ஆமிஷ்காரர்கள் வழக்குக்குப் போகிறவர்கள் இல்லை,
அவர் மனுவில் கையெழுத்தும் போடவில்லை.
மேடு ஏறி இறங்கும் இடத்தில்
மணல் சுரங்கத்து லாரி அவர் வண்டியில் மோதியது.
பேசச் சொன்னோம்.
“குதிரைக்கு ஒன்பது வயது” என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
எந்தத் தலைப்பின் கீழ் இதை எழுத?
“இதர” என்பதன் கீழ் எழுதினேன்.

ஏப்ரலில் பொறியாளர் டூ வாங் வந்தார்.
சாலைக்குக் குறுக்கே
இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்களை ஆணியடித்துப் பதித்தார்.
ஒரு வாரம் கிடக்கும், எண்ணும் என்றார்.
நூறு வண்டிகளை
மெதுவானதிலிருந்து வரிசையாக நிறுத்தினால்
எண்பத்தைந்தாவது ஆள் என்ன வேகமோ
அதை ஒட்டித்தான் வரம்பாம்.

ரோசெல் புராக்னோ கேட்டாள்:
“அப்போ ஓட்டுகிறவன்தான் சட்டம் எழுதுகிறானா?”
அவர் குழாயைக் காலால் மிதித்துப் பார்த்தார்.
“எல்லாருமாகச் சேர்ந்து.”

அது போதும் எங்களுக்கு.

அந்த வாரம் ஊரில் யாரும் வீட்டில் இல்லை.
டெல்மார் சாணி வண்டியைக் கட்டிக்கொண்டு
ஒரே வயலுக்கு நாளைக்கு ஏழு நடை.
ரோசெல் ஒற்றை ரொட்டி வாங்கப் போனாள்,
வெண்ணெய் மறந்தது என்று திரும்பப் போனாள்,
உப்பு போட்ட வெண்ணெயை வாங்கிவிட்டேன் என்று மறுபடியும்.
லூத்தரன் சபையின் பாடகர் குழு
தலைக்கு ஒரு காராக ஒத்திகைக்கு வந்தது.
பின்னால் மணல் லாரிகள் ஹாரன் அடித்தன.
குழாய்க்குக் காது கிடையாது.
முப்பதில் போனால் முப்பதுதான்.

மென்னோ மட்டும் வழக்கம்போலப் போய்வந்தார்,
திங்கள் ஆலைக்கு, வியாழன் சந்தைக்கு.
சூது அவருக்கு ஆகாது.
எட்டு மைலில் அவர் வழக்கமே எங்களுக்குக் கூட்டாளி.

ஜூனில் கடிதம் வந்தது.
எண்பத்தைந்தாவது ஆள்: முப்பத்தொன்று.
அடியில் ஒரு வரி:
தரவு இயல்பான போக்குவரத்தைக் காட்டவில்லை.
மறு ஆய்வு நடக்கும்.
தேதி முன்கூட்டி அறிவிக்கப்படாது.

டெல்மார் அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.
பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

இப்போது அக்டோபர்.
பலகையில் ஐம்பத்தைந்து அப்படியே நிற்கிறது.
குழாய் எந்த வாரம் வரும் என்று தெரியாததால்
எல்லா வாரமும் அந்த வாரம்தான்.
நேற்றிரவு மன்றத்துக்குத் தாமதமாகப் புறப்பட்டேன்,
சாலையில் ஈ காக்கை இல்லை,
கால் ஐம்பதைத் தொட்டது,
தானாகவே எடுத்துக்கொண்டது.

மென்னோ வேறு குதிரை வாங்கியிருக்கிறார்.
வயது கேட்கவில்லை.

மணல் லாரிகள் கெட்டிக்காரத்தனமாக
நேரத்தை மாற்றிக்கொண்டன, விடியற்காலை நாலு மணிக்கு.
மூன்றேமுக்காலுக்கே
டெல்மாரின் டிராக்டர் சத்தம் கேட்கிறது.
அறுவடை முடிந்தாயிற்று, எருப் போட வயல் பாக்கியில்லை.
காலி வண்டி
மேட்டில் தடதடத்து ஏறுகிறது,
பின்னால் ஏழு ஜோடி வெளிச்சம்
பொறுமையாக.